கோச்சை மாத்துங்க

புராணக் கணக்குப்படி முருகன் ஒரு நியமனம். சிவனை அழைக்காமல் தட்சன் நடத்திய வேள்விக்குப் போய் அவிர்பாகம் வாங்கிக்கொண்டதால்தான் தேவர்கள் சூரபத்மனிடம் அத்தனை பாடுபட்டார்கள் என்கிறது கந்தபுராணம். தவறு மேலிடத்தில் நடந்தது. ஆனால் பரிகாரம் என்று வந்தபோது தேவர்கள் கேட்டது ஒரு புதிய சேனாதிபதியை. வேலை முடிந்த பிறகு சேனாதிபதிக்கு இந்திரன் மகளும் கிடைத்தாள், சீதனமாக ஐராவதமும் வந்தது. இந்திரன் இந்திரனாகவே இருந்தான்.

திருத்தணி மலைக்கோயிலில் சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானை கருவறையைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஐராவதத்தைக் கொடுத்த பிறகு இந்திரனின் செல்வம் குறையத் தொடங்கியதாம். திருப்பித் தருகிறேன் என்றாராம் முருகன். கொடுத்ததை வாங்குவது முறையல்ல, அதன் பார்வையாவது என் உலகத்தின் பக்கம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டானாம் இந்திரன். இந்தக் கதையைக் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி.யின் ரசிகர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உடனே லாலியன்சுவாலா சாங்தே என்பார். 2022 ஜனவரியில் சென்னையை விட்டு மும்பை சிட்டிக்குப் போனவர், அடுத்த சீசனிலேயே இந்தியாவின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். கொஞ்சம் யோசித்து அனிருத் தாப்பாவையும் சேர்ப்பார். கேப்டன் பட்டையைக் கையில் கட்டி ஆடியவர் 2023-ல் மோகன் பகானுக்குப் போனார்.

திருத்தணியில் கால்பந்து ரசிகர்கள் நிறையப் பேர் இல்லை. கிடைக்கிற மைதானத்திலெல்லாம் ஸ்டம்ப் நட்டுவிடுகிற ஊர்தான் இதுவும். ஆனால் இருக்கிற சிலருக்கு ரயில் ஒரு வசதி. மின்சார ரயில் அரக்கோணம், திருவாலங்காடு, திருவள்ளூர், ஆவடி என்று போய், ரயில்வே ஆட்டக்காரர்களை வளர்த்த பெரம்பூரைத் தாண்டி, சந்துக்குச் சந்து பந்து உருளும் வியாசர்பாடியைத் தொட்டு சென்ட்ரலில் நிற்கும். அங்கிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆட்டம் பெரும்பாலும் இரவு 7.30-க்கு. முடிந்ததும் கடைசி வண்டிகளில் ஒன்றைப் பிடிக்க ஓட வேண்டும். நீலச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு பெட்டியில் சேர்ந்துவிட்டால், தோற்ற இரவுகளில் பேச்சு இப்படித்தான் போகும்:

“டீம் செட்டிங்கே தப்புண்ணா. ஓரத்துல ஆளே இல்ல, அவன் அங்கியே வந்து வந்து கிராஸ் போடுறான்.”

“ஆளு குடுக்காம இன்னா செட்டிங் பண்ணுவாரு கோச்சு?”

“அப்ப அவருக்கு இன்னாத்துக்கு சம்பளம்?”

“கோச்னி மார்ச்சால்ரா” என்று மூன்றாமவன் தெலுங்கில் முடித்து வைப்பான். எல்லை ஊர், தீர்ப்பு எந்த மொழியிலும் வரும். மூவருக்கும் ஒத்துப்போகிற தீர்ப்பும் அது ஒன்றுதான்: கோச்சை மாத்தணும்.

நியாயமான கோபம். காசு கொடுத்து, ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துப் பார்க்கிறவனுக்குத் திட்ட உரிமை உண்டு. ஆனால் பத்து வருஷமாக இந்த அணியைத் தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில், இந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காரணம் அணியின் வரலாறுதான்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது முதல் கோச் மார்கோ மாட்டரட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியில் சிடான் தலையால் முட்டிய அதே இத்தாலியர். முதல் ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம், அரையிறுதியில் கேரளாவிடம் தோல்வி. அடுத்த ஆண்டு பட்டியலின் அடியில் கிடந்த அணி கடைசிக் கட்டத்தில் எழுந்து வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20 அன்று ஃபதோர்தாவில் கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே கடைசி நிமிடங்களில் 3-2 என்று கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கியது. மெண்டோசாவின் அந்தக் கடைசி கோலைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் முன்கூட்டியே எழுந்து போவதில்லை. அடுத்த வருஷம் அதே மாட்டரட்சி, எட்டு அணிகளில் ஏழாம் இடம். போய்விட்டார்.

ஜான் கிரிகரியின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்டன் வில்லாவை நடத்திய ஆங்கிலேயர். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். சுனில் சேத்ரி முதலில் கோல் போட்ட பிறகும் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி, ரஃபேல் அகஸ்டோ ஒன்று சேர்த்து, 3-2. இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனில் அதே கோச். 18 ஆட்டங்களில் 9 புள்ளி, பட்டியலில் கடைசி. கிரிகரி ஒரு கோடையில் அறிவை இழந்துவிட்டாரா? மார்ச்சில் மேதையாக இருந்தவர் நவம்பரில் முட்டாளாகிவிட்டாரா? “அவர் காலம் முடிஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவது எளிது. நாங்களும் அதைத்தான் செய்தோம். 2019 நவம்பர் கடைசியில் அவர் விலகினார்.

அடுத்து வந்தவர் ஓவன் கோய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தரைதட்டிக் கிடந்த கப்பலை எடுத்து இறுதிப்போட்டி வரை ஓட்டினார். 2020 மார்ச் 14, கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. அந்த சீசனில் 15 கோல் போட்ட லிதுவேனியர் வால்ஸ்கிஸ், கோய்லோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஹங்கேரியின் லாஸ்லோ, எட்டாம் இடம். மாண்டிநீக்ரோவின் பாண்டோவிச், நடு சீசனில் வெளியேற்றம், மறுபடி எட்டாம் இடம். ஜெர்மனியின் பிரடாரிச், எட்டு. மூன்று நாடு, மூன்று பாணி, ஒரே எண். அப்புறம் 2023-ல் திரும்பவும் கோய்ல். ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் போனபோது “பார்த்தியா, நம்ம ஆளு வந்துட்டார்” என்றோம். 2024-25-ல் பதினோராம் இடம். “இவர் எப்பவும் இப்படித்தான்” என்றோம்.

ஒரே மனிதர் இரண்டு முறை வந்து ஒரு தடவை மேதை, ஒரு தடவை அசடு. ஒரே மனிதர் அடுத்தடுத்த வருஷம் முதலிலும் கடைசியிலும். விஞ்ஞானக்கூடத்தில் வேண்டுமென்று ஏற்பாடு செய்தால்கூட இவ்வளவு தெளிவான சோதனை அமையாது. மாறிய பொருள் கோச் இல்லை. அப்படியானால் மாறியது எது? யார் வாங்கப்பட்டார், யார் போகவிடப்பட்டார், ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, வெளிநாட்டு வீரருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயிற்சி எப்போது தொடங்கியது. இவற்றையெல்லாம் முடிவு செய்கிறவர்களின் பெயர் ரயில் பேச்சில் ஒருநாளும் வராது. ஓனர்கள் யார் என்று தெரியும். அபிஷேக் பச்சனும் தோனியும் சுவரொட்டியில் இருந்தார்கள், வீடா டானியின் பெயரும் தெரியும். ஆனால் ஓர் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரரை யார் தேர்ந்தெடுத்தது, எந்த அறையில், எந்தக் காரணத்தால்? கோச்சுக்கு முகம் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் வந்து நிற்கிறார். மற்ற யாரும் அப்படி நிற்க வேண்டியதில்லை.

இதில் ஐ.எஸ்.எல். அமைப்புக்கும் பங்கு உண்டு. உலகத்தின் பெரும்பாலான லீகுகளில் கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். கிளப்பின் வருமானம் விழும், ஓனர் கையைப் பிசைவார், நிர்வாகி வேலை இழப்பார். நம் லீகில் சென்னை 2019-ல் கடைசியில் வந்தது. அடுத்த சீசனிலும் அதே லீகில் ஆடியது. கீழே இறக்கும் ஏற்பாடே அப்போது கிடையாது. கீழே இறக்கக்கூடிய ஒரே ஆள் கோச். ஆக, தண்டனை என்ற ஒன்று நடந்தாக வேண்டுமானால் அது அவர் மேல்தான் நடந்தாக வேண்டும். கந்த சஷ்டிக்குப் பல ஊர்களில் சூரசம்ஹாரம் பார்த்திருப்பீர்கள். யானைத்தலை போய் சிங்கத்தலை வரும், அது போய் சூரன் தலை வரும். தோளில் சுமக்கிற பொம்மையின் உடம்பு ஒன்றே, தலையைத்தான் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள். திருத்தணியில் அந்த விழா கிடையாது. சினம் ஆறி வந்து அமர்ந்த தலம் என்பதால் இங்கே சஷ்டிக்குப் பூக்களைக் கொட்டி அர்ச்சிப்பதோடு சரி. இந்த ஊர்க்காரர்களுக்காவது கொஞ்சம் பொறுமை இருக்கும் என்று பார்த்தால், ரயில் பெட்டியில் அதுவும் இல்லை.

சையத் சபீர் பாஷாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னைக்காரர். தொண்ணூறுகளில் இந்தியாவுக்காக முன்வரிசையில் ஆடியவர், இந்தியன் வங்கி அணியில் ஆடி, பிறகு அதற்கே பயிற்சியாளராக இருந்தவர். சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளராக எத்தனையோ ஐரோப்பியர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் வந்தபோது வீரர்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது, போன பிறகு மிச்சம் இருந்ததைப் பார்த்துக்கொண்டது அவர்தான். 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் நீக்கப்பட்டபோது மிச்ச ஆட்டங்களுக்கு அவரை நிற்க வைத்தார்கள். சீசன் முடிந்தது, ஜெர்மனியிலிருந்து அடுத்தவர் வந்தார். பாஷா முழு நேரக் கோச்சாக வந்திருந்தால் அணி ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஒன்பதாவது இடத்திலும் வந்திருக்கலாம். ஆனால் எட்டாம் இடம் வருவதற்கு மூன்று விமான டிக்கெட் எதற்கு என்று கேட்கலாம் அல்லவா? ரயில் விவாதங்களில்கூட அவர் பெயர் “இன்டரிம்” என்ற ஒட்டோடுதான் வந்தது. நிர்வாகம் அவரை எப்படிப் பார்த்ததோ அப்படியே ரசிகர்களும் பார்த்தோம்.

இந்தியர்களுக்குப் பெரிய அணியை நடத்தத் தெரியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததில்லை. இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய நாட்கள் ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கையில் நடந்தவை. சையத் அப்துல் ரஹீம், 1950 முதல் 1963-ல் சாகும்வரை. 1951 ஆசியத் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மறுபடி தங்கம். அந்த இறுதியில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ் என்ற தமிழர். ரஹீமைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய ஆட்ட உத்திகளை வியக்கிறார்கள், சரிதான். ஆனால் அவர் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரும்கூட. எந்தச் சிறுவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று தெரிந்த நிர்வாகியும் அவரே, அவனை மைதானத்தில் நிறுத்தும் கோச்சும் அவரே. இன்றைய கோச்சுக்கு அந்தப் பாதி கிடையாது.

அந்தப் பாதி கையில் இல்லாத கோச் என்ன ஆவார் என்பதற்கு இந்திய அணியே சாட்சி. 2022 ஜூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு முன் அன்றைய கோச் இகோர் ஸ்டிமாச் தன் உத்தேச வீரர் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார் என்று அடுத்த ஆண்டு செய்தி வந்தது. அந்த ஜோதிடரை அவருக்கு அறிமுகப்படுத்தியது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அன்றைய பொதுச்செயலாளர் என்றும், ஜோதிடருக்குக் கட்டணம் கூட்டமைப்பு கொடுத்தது என்றும் சேர்த்தே வந்தது. நாடே ஸ்டிமாச்சைக் கேலி செய்தது. மலையடிவாரத்தில் கிளி ஜோசியம் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு ஜோதிடத்தை எள்ளி நகையாட எனக்குத் தைரியம் இல்லை, விஷயம் அதுவுமில்லை. ஏற்பாடு செய்தது நிர்வாகம், கேலிக்கு ஆளானது கோச். 2024 ஜூனில் வேலை போனதும் கோச்சுக்குத்தான்.

சுற்றுவட்டத்தைப் பாருங்கள். வடக்கே ஹைதராபாத் எஃப்.சி., மனோலோ மார்க்கெஸ் என்ற அருமையான கோச்சின் கீழ் 2022-ல் சாம்பியன். அவர் போன அடுத்த சீசனில் சம்பளப் பாக்கி, வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். தாங்போய் சிங்டோ என்ற இந்தியக் கோச் இளம் பையன்களை வைத்துக்கொண்டு வாராவாரம் தோற்றார். அணி கடைசியில் வந்தது. 2025-ல் அந்தக் கிளப் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு டெல்லிக்குப் போய்விட்டது. தெற்கே, கோவையைத் தளமாக்கி ஆடிய சென்னை சிட்டி, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் பயிற்சியில் 2019 மார்ச்சில் ஐ-லீக் கோப்பையை வென்றது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் பங்கு வாங்கியது என்று மகிழ்ந்தோம். சில வருஷத்தில் அந்த அணி தேசிய லீகிலேயே இல்லை. இரண்டுமே நல்ல கோச் கிடைத்த கிளப்கள்.

ஓர் ஊர் எந்த மாநிலத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காகத் திருத்தணியில் ஊர்வலம் போனார்கள், சிறைக்குப் போனார்கள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. அன்று கிராமம் கிராமமாக யார் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்தார்கள். ஹைதராபாத்தின் அணி டெல்லிக்குப் போவதற்கு ஹைதராபாத் ரசிகரிடம் யாரும் கேட்கவில்லை.

2025-ல் நாங்கள் வழக்கம்போல் கோய்லுக்கு அடுத்து யார் என்று அடித்துக்கொண்டிருந்தோம். முதன்முறையாக ஓர் இந்தியர், கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா, முழு நேரக் கோச்சாகப் பொறுப்பேற்கிறார் என்று வந்தபோது வாக்குவாதம் இன்னும் சூடானது. அந்தச் சமயத்தில் லீகே இல்லை. கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையே இருந்த பதினைந்து வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடியப் போகிறது, புதுப்பிக்கப்படவில்லை, எனவே சீசன் நிறுத்திவைப்பு என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. முதன்மை அணியின் செயல்பாட்டையே நிறுத்திவைத்தது. மிராண்டாவின் ஆட்டமுறை சரிவருமா என்று நாங்கள் பேசிய நாட்களில் அவருடைய அணி ஆடுவதற்கு ஒரு லீக் இருக்குமா என்பது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. டிசம்பர் 31 இரவு திருத்தணியில் வழக்கம்போல் படித்திருவிழா நடந்தது. 365 படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறினார்கள். லீக் அன்றைக்கும் தொடங்கியிருக்கவில்லை.

ஓனர்களுக்காகவும் ஒரு வார்த்தை. இந்த லீகில் பெரும்பாலான கிளப்கள் வருஷா வருஷம் நட்டத்தில்தான் ஓடுகின்றன. சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு தசாப்தத்துக்கு மேல் சென்னைக்கு ஓர் அணியை வைத்திருப்பது சாதாரணமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் பெரியமேட்டில் எங்களுக்கு வேலையே இல்லை. ஆனால் நட்டத்தைத் தாங்குகிறவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று யார் சொன்னது? நட்டம் ஏன் என்பதே நல்ல கேள்விதானே.

கொல்கத்தாக்காரர்கள் இதில் நம்மைவிட விவரம். 2020-ல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. ஒட்டப்பட்டபோது அவர்கள் கோச்சைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த மூன்று எழுத்தை எடு என்று மூன்று வருஷம் விடாமல் நின்றார்கள், அணி நன்றாக ஆடிய சீசன்களிலும். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற அன்றே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயரை மாற்றுவதாக அறிவித்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, முதலீட்டாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பற்றி ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டு போலீஸ் தடியடி வாங்கினார்கள். ஓர் ஒப்பந்தத்தின் ஷரத்துக்காக! அங்கே கிளப்களுக்கு உறுப்பினர்கள் உண்டு, தேர்தல் உண்டு, அதில் சண்டையும் ஊழல் புகாரும் உண்டு. ஜெர்மனியில் சில விதிவிலக்குகள் போக, பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களிடம் இருந்தாக வேண்டும் என்றே விதி இருக்கிறது. அதனால் அங்கெல்லாம் கோச்சை நீக்குவதில்லை என்று அர்த்தமில்லை, தாராளமாக நீக்குகிறார்கள். கோச்சை நீக்கிய பிறகும் பேச்சு நிற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மிடம் உறுப்பினர் அட்டை இல்லை, சீசன் டிக்கெட்தான் இருக்கிறது. ஆனாலும் குரல் இருக்கிறது. ‘பி ஸ்டேண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிஷமும் பாடுகிற கூட்டம் இருக்கிறது. அடுத்த முறை அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்று, நீங்கள் பேனர் எழுத உட்காரும்போது, “கோச்சை மாத்துங்க” என்ற வரிக்குக் கீழே துணியில் நிறைய இடம் இருக்கும். அங்கே இவற்றையும் எழுதுங்கள்: வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார்? சாங்தேயையும் தாப்பாவையும் அனுப்பியதில் பணம் வந்திருந்தால் அது எதற்குச் செலவானது? ரசிகர்கள் சார்பில் ஒருவரை நிர்வாகக் குழுவில் உட்கார வைப்பீர்களா? சபீர் பாஷாவுக்கு ஒரு முழு சீசன் ஏன் கிடைக்கவில்லை? திருத்தணி வண்டியில் வருகிறவர்கள் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள்.